பச்சைப் பொட்டு

அந்த அக்கா ‘சரி’ என்று சொல்லும்போது உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். மேசை இருந்தால் மேசையில். இல்லாவிட்டால் தொடையில். திரேஸ்புரம் கரையில் மீன் ஏலம் நடக்கும்போது இடுப்பில் வைத்திருக்கும் கூடையின் விளிம்பில். ஒரே ஒரு தட்டுதான். அது விழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் அவர் மாற்றிப் பேசமாட்டார்.

இதை நான் பெருமையாகச் சொல்ல வரவில்லை. அந்தத் தட்டை வைத்து ஒரு தப்பைச் செய்துவிட்டு, அதே தட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் நான். எழுதிவிட்டால் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்திக்குள்ளேயே முகம் சுடுகிறது.

எனக்குத் தூத்துக்குடியில் ஒரு டிசைன் கடை இருக்கிறது. கடை என்று சொல்வது சும்மா ஒரு மரியாதைக்கு. ஓர் அச்சகத்தின் மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. கீழே அச்சகம் நடத்தும் அண்ணாச்சி வாடிக்கை ஆட்களை மேலே அனுப்புவார். நான் வடிவமைத்து அவருக்கே அச்சடிக்க அனுப்புவேன். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவள் என்பதால் அப்போது எனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. நம் ஊர் லேபிள்களைப் பார்த்தால் சிரிப்பாணியாக வரும். மிளகாய்ப் பொடி என்றால் நாலு மிளகாய், ஓர் உரல், உரலுக்குப் பக்கத்தில் சேலை கட்டிய ஒரு பெண், அவள் தலைக்கு மேல் முதலாளியின் அப்பா படம். மூச்சுவிட இடம் இருக்காது. நான் வெள்ளை இடத்தின் கட்சி. எந்த வேலை வந்தாலும் முதலில் எதையாவது எடுத்துப் போடுவேன்.

அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. கரையில் சூரை மீனை ஏலத்தில் எடுத்து, அவித்து, வெயிலில் போட்டு மாசி ஆக்குகிறவர். மாசி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காய்ந்து காய்ந்து மரக்கட்டைபோல ஆகிவிட்ட மீன் அது. அதை உடைத்து இடித்து, மிளகாய் வற்றலும் வறுத்த தேங்காயும் பூண்டும் சேர்த்து அவர் ஒரு பொடி செய்வார். சுடுசோற்றில் போட்டுப் பிசைந்தால் வேறு குழம்பு தேவையில்லை. அதைத் தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்தவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

“ஏளா, இனி என் காலு நடக்காது. என் பொடிதான் நடக்கணும். அதுக்கு ஒரு நல்ல சட்டை தச்சுக் குடு.”

பாக்கெட்டில் போட்டு, லேபிள் ஒட்டி, கடைகளுக்குக் கொடுத்துவிட்டால் சுமக்க வேண்டாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த லேபிள் சரியாக அமைந்தால் உட்கார்ந்து பிழைக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி கூடை. இது எனக்கும் அன்றைக்கே தெரியும்.

சுழல் நாற்காலியில் அவர் உட்காரமாட்டார். “இது ஓரிடத்துல நிக்க மாட்டேங்கு. இதுல இருந்துக்கிட்டு நீ எப்படித்தான் யோசிக்கியோ” என்பார். முதல் நாள் ஒரு துண்டு மாசியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார். “மோந்து பாரு. எதுக்குச் சட்டை தைக்கோம்னு தெரிய வேண்டாமா?” நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் படியிறங்கிய பிறகு ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். குடையை மறந்துவிட்டோமே என்று அவர் திரும்பி வந்தபோது ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த தடவை பொடியைக் கொண்டுவந்தபோது, “மூணு கவரு போட்டிருக்கேன்ளா. இப்ப வாடை வருதா?” என்று கேட்டார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவரைப் பற்றிய கதைகளை அண்ணாச்சிதான் எனக்குச் சொன்னார். ஒருமுறை அக்கா ஏலத்தில் ஒரு கூடை சாளை மீனுக்குத் தட்டிவிட்டார். கொட்டிப் பார்த்தால் மேலாக ஓர் அடுக்குத்தான் நல்ல மீன், அடியில் எல்லாம் கூழ். கூட நின்ற பெண்கள் “திருப்பிக் குடு, நாங்க சாட்சி சொல்லுதோம்” என்று கத்தினார்களாம். ஏலம் விட்டவரே வெட்கப்பட்டுப்போய், “வேற கூடை எடுத்துக்கிடுங்கக்கா” என்றிருக்கிறார். “சரின்னுட்டேன்லா? நீ உன் சோலியப் பாரு” என்று அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சாந்தசொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று நாள் அந்த மீனைக் கொண்டுவந்த படகுக்காரனை அவன் ஏழு தலைமுறையோடு சேர்த்துக் கரையில் நின்று திட்டினார். ஆனால் கூடையைத் திருப்பவில்லை.

இன்னொன்று, கோழிக் கதை. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாளில் வந்துவிடுகிறேன், என் கோழியைப் பார்த்துக்கொள் என்று கேட்டிருக்கிறாள். அக்கா ‘சரி’ என்று தொடையில் தட்டிவிட்டார். அவள் மும்பைக்குப் போனவள், போனவள்தான். அந்தக் கோழி அக்கா வீட்டிலேயே கிழடு தட்டி, கண் தெரியாமல் போய், தானாகச் செத்தது. வீட்டில் கறி ஆக்க வழியில்லாத ஒரு கிறிஸ்துமஸ் வந்தபோதும், அதன் இறகைத் தொடவிடவில்லை. “பிறத்தியார் கோழி. பாத்துக்கிடுதேன்னு சொன்னேன், திங்கேன்னா சொன்னேன்?” இந்தக் கதையைச் சொல்லும்போது அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், சிரித்துச் சிரித்து. நானும் சிரிப்பேன்.

இப்போது லேபிளுக்கு வருகிறேன்.

நான் போட்டது இப்படி: சந்தன நிறத் தாள். நடுவில் மெல்லிய எழுத்தில் ‘சோற்றுப் பொடி’. அதற்குக் கீழே அலைபோல ஒரே ஒரு கோடு. மற்றபடி வெறுமை. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது பின்பக்கம், எறும்பு ஊர்கிற அளவில். அக்கா திரையைவிட்டு நாலடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“மீனு எங்கேளா?”

“மீன் வேண்டாம்க்கா. அது பழைய ஸ்டைல். இப்ப எல்லாம் சிம்பிளா இருந்தாத்தான் கடைக்காரங்க முன்னால அடுக்குவாங்க.”

“மீனு போடாம, மீன் பொடின்னு எப்படித் தெரியும்?”

“பின்னால போட்டிருக்கேன்லா?”

“பின்னால போயி யாருளா பாக்கப்போறா? ஏலத்துல மீனை வால் பக்கமாவா காட்டுவான்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, சென்னைக் கம்பெனியில் கற்ற வித்தையை எடுத்துவிட்டேன். வாடிக்கையாளருக்குப் புரியாத நாலு வார்த்தையைப் போட்டு, கடைசியில் “என்னை நம்புங்க” என்று முடிப்பது. பிராண்டிங் என்றேன். மினிமல் என்றேன். வெளியூர்க்காரர்கள் மாசி என்றால் யோசிப்பார்கள், அதனால் அந்தப் பேரை முன்னால் போட வேண்டாம் என்றேன். “என்னை நம்புங்கக்கா.”

“உன்னைய நம்பாம பெறகு எதுக்கு இந்தப் படி ஏறி வாரேன்?” என்றார்.

அந்த லேபிளை நான் ஒன்றுமில்லாததிலிருந்து செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முந்தைய மாதம் வேறொருவருக்குப் பருப்புப் பொடி லேபிள் ஒன்று செய்திருந்தேன். அந்த ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, நிறத்தை மாற்றி, வேறு பெயரில் சேமித்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். பழைய வீட்டுக்கு வெள்ளையடித்துப் புது ஆளைக் குடிவைப்பதுபோல. ஆனால் குடிவைக்குமுன் மூலை முடுக்கெல்லாம் ஒருதடவை பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. பருப்புப் பொடியின் ஓரத்தில் இருந்த பச்சைப் புள்ளி, சதுரத்துக்குள் இருக்கும் அந்தச் சின்னப் புள்ளி, அப்படியே மாசிப் பொடியிலும் உட்கார்ந்திருந்தது. உணவுப் பாக்கெட்டில் அந்தப் புள்ளி பச்சையாக இருந்தால் சைவம். அசைவத்துக்குப் பழுப்பு நிறக் குறி.

எனக்குத் தெரியாமல் இல்லை. நான் ஆற்றங்கரைக்காரி. தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயல்காட்டு ஊர். கறி, மீன் தொடாத வெள்ளி, சனிக்கிழமைகளில் என் அம்மா கடையில் எந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் புள்ளியைத்தான் தேடுவாள்.

அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்தார். விரலால் அந்த மூலையைத் தொட்டார். திரையில் எண்ணெய்க் கறை ஒட்டியது.

“இது என்னதுளா, பச்சைப் பொட்டு?”

நான் கைபேசியில் யாருக்கோ நிச்சயதார்த்த பேனர் பற்றிப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

“அது எல்லாப் பாக்கெட்லயும் இருக்கும்க்கா. கவர்மென்ட் ரூல்.”

“இருக்கணுமா?”

“கண்டிப்பா இருக்கணும்.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மேசையில் தட்டினார். “சரி.”

எனக்கு அது போதவில்லை. சென்னைக் கம்பெனி எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே, வாடிக்கையாளரின் சம்மதத்துக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளாமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதே என்பதுதான். பிற்பாடு பிழை வந்தால் நம் தலை தப்ப வேண்டும். “வாட்ஸப்ல ஒரு வார்த்தை அனுப்பிருங்கக்கா” என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இப்பத்தான சொன்னேன்? ஒரு பேச்சை ரெண்டு வாட்டி எதுக்குச் சொல்லணும்? எனக்கு என்ன ரெண்டு நாக்கா?” ஆனாலும் மறுநாள் காலை கரையிலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பினார். பின்னால் ஏலச் சத்தம். நடுவில் அவர் குரல்: “ஏளா, சரிதான். அடிக்கச் சொல்லு.” கூடை விளிம்பில் தட்டியதுகூட அதில் கேட்டது.

அச்சாகி வந்தது. நான் ஒரு பாக்கெட்டை மணலில் வைத்து அழகாகப் படம் எடுத்து, இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். சென்னையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் வந்து பாராட்டினார்கள். ‘நம்ம ஊர்ப் பொருளுக்கு இப்படி ஒரு சுத்தமான டிசைனா’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் பத்துத் தடவையாவது திறந்து படித்திருப்பேன். அக்கா வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை கடற்கரை ஊர்க் கடைகளில் பாக்கெட் போட்டார். கரை ஊர்களில் யாரும் லேபிளைப் பார்க்கவில்லை. அக்காவின் பொடி என்றாலே என்னவென்று அவர்களுக்குத் தெரியும். “இப்ப ரெண்டு நாளா கூடை தூக்கலளா” என்று ஒருநாள் போன் போட்டுச் சொன்னார். “காலு என்னையப் பாத்து, என்னம்மா ஆச்சு உனக்குன்னு கேக்குது.” பிறகு கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் உள்நாட்டுக் கடைகளும் கேட்டன. ஆழ்வார்திருநகரியில் ஒரு கடைக்காரர், லேபிள் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி வாங்கி, பருப்புப் பொடி வரிசையில் அடுக்கினார்.

ஒரு வாரம் கழித்து அக்கா படியேறி வந்தார். கையில் பிரித்த பாக்கெட் ஒன்று. முகத்தில் ரத்தமே இல்லை.

ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒருவர் போன் செய்திருக்கிறார். பாக்கெட்டில் இருந்த நம்பரைப் பார்த்து. சத்தம் போடவில்லையாம். “அம்மா, இதுல என்ன போடுறீங்க?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். “மாசிதான் ஐயா. மாசி போடாம மாசிப் பொடி எப்படி?” என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னாராம். அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக மீன் என்ற பேச்சே கிடையாது. அவருடைய அம்மா அதை ஒரு வாரமாகத் தினமும் சோற்றில் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். பச்சைப் புள்ளியைப் பார்த்துத்தான் வாங்கியதாம்.

அக்கா பாக்கெட்டை மேசையில் வைத்து, அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தார்.

“ஏளா, இதுக்கு என்ன அர்த்தம்?”

இரண்டாவது முறை கேட்கிறார். இந்தமுறை நான் பார்த்தேன். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். நான் கைபேசியை எடுத்தேன். வாட்ஸப்பைத் திறந்து, தேடி, அவர் அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன்.

‘ஏளா, சரிதான். அடிக்கச் சொல்லு.’

“நீங்க அப்ரூவ் பண்ணித்தான்க்கா அச்சடிச்சது” என்றேன். என் குரல் எனக்கே யாரோ ஆபீசரின் குரல்போல இருந்தது.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். தன் குரலைக் கைபேசியில் அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். கூடையில் தட்டிய சத்தம் வந்ததும், “ஆமா, என் குரல்தான்” என்றார். “நான்தான் சொல்லியிருக்கேன்.”

அவர் கேட்ட கேள்வி எதிலும் பதிவாகவில்லை. பதில் மட்டும்தான் இருந்தது. அவர் அதை மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். மறந்திருக்க வேண்டும் என்று மாதாவையும் ஊர் அம்மனையும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன்.

“நான் நேருல போயி மன்னிப்புக் கேக்கணும்” என்றார். “நீயும் வாளா. நீ ஆத்தங்கரைக்காரி. அவுகட்ட எப்படிப் பேசணும்னு உனக்குத்தான் தெரியும்.”

மறுநாள் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். “எவ்வளவு பச்சை” என்று ஒரு தடவை சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றார். போன் செய்தவர் வெளியே வந்தார். அவருக்கே அறுபது இருக்கும், அவருடைய அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும். உள்ளே வரச் சொன்னார். அக்கா வரவில்லை. “வேண்டாம் ஐயா. மீன் தொட்ட கை. இங்கன நின்னே சொல்லிட்டுப் போறேன்.” அவர் மறுபடியும் வற்புறுத்தி, நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து போட்டார். எங்கள் இருவருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டுவார், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நான் மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். மோருக்கு நான் தயாராக இல்லை.

“பாக்காமலா ஒட்டுனீங்க?” என்று கேட்டார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். “பாத்தேன் ஐயா. நான்தான் சரின்னு சொன்னேன்.”

“லேபிள் போட்டது யாரு? அவங்களுக்குத் தெரியாதா?”

நான் அவருக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“போட்டவங்க மேல தப்பில்ல ஐயா. என் சரக்கு. என் பேச்சு.”

“இந்தப் பொண்ணு?”

“கூட வந்த பிள்ளை” என்றார் அக்கா.

நான் மோரைக் குடித்தேன். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நல்ல மோர். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன், வாய் சும்மா இருந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமே என்று.

உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் மட்டும் வந்தது. அவர் வெளியே வரவில்லை. “மன்னிப்புக் கேக்க வந்தவளைத் திட்டாதேடா” என்றார் மகனிடம். பிறகு கொஞ்சம் பொறுத்து, “ருசியா இருந்தது. அதுதான் எனக்கு ஆறலை” என்றார்.

அக்கா அந்தக் கதவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அன்று மட்டும்தான். திரும்பி வரும் பஸ்ஸில், “சமையல்ல நல்ல பேரு வாங்கணும்னு வாழ்நாளெல்லாம் ஆசப்பட்டேன். இப்படியா வாங்கணும், என் சேசுவே” என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு கடையாகப் போய்ப் பாக்கெட்டைத் திரும்ப எடுத்தார். கடலோரக் கடைகளில், இருக்கட்டும்க்கா, இங்க யாரு இதைப் பாக்கா என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்கவில்லை. பஸ் ஏறி, இறங்கி, அந்தக் காலோடு. எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: “தப்பு என்னுது. நான்தான் சரின்னேன்.” உள்நாட்டுக் கடைகள் மறுபடி அவர் சரக்கை வாங்கவில்லை. ஒன்றிரண்டு கடைக்காரர்கள் முகம் கொடுத்தே பேசவில்லையாம். கூடை மறுபடி தலைக்கு வந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், என் பக்கத்தில் போட்டிருந்த படத்தில் அந்தப் பச்சைப் புள்ளியைப் பழுப்பாக மாற்றி, பழையதை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பாராட்டுகள் போய்விடுமே என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் செய்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதை எழுதியும் பிரயோசனம் இல்லை.

அக்கா என் மாடிக்கு மறுபடி வரவில்லை. ஒரு வருடம் கழித்து அண்ணாச்சி ஒரு லேபிளைக் கொண்டுவந்து காட்டினார். கீழே அச்சகத்திலேயே போட்டதாம். நீலப் பின்னணியில், லேபிளின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு சூரை மீன். வாய் திறந்திருக்கிறது. மேலே தடித்த சிவப்பு எழுத்தில் ‘மாசிப் பொடி’. பழுப்புக் குறி ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. நான் வாழ்நாளில் பார்த்த அசிங்கமான லேபிள்களில் அது ஒன்று. நாலடி தள்ளி நின்று பார்த்தேன். இது என்ன பொருள் என்று தெரியாமல் ஒருவரும் அதை வாங்க முடியாது.

“ஆளே மாறிட்டாங்கம்மா” என்றார் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே. “ரெண்டு மணி நேரம் என் உசிர எடுத்துட்டாங்க. இது என்ன, அது என்னன்னு. கீழ கோடு கோடா இருக்கே, பார்கோடு, அதுல எத்தனை கோடு, எதுக்கு இந்தக் கோடு தடிப்பா இருக்குன்னு. நான் சொன்னதையே பக்கத்துல வந்த ஆளுகிட்டயும் கேக்காங்க. கடைசியில சரியான்னு கேட்டா, நாளைக்கு வந்து சொல்லுதேன்னு போயிட்டாங்க. அந்தக்கா முன்ன ஒரு தட்டுல முடிப்பாங்க, உங்களுக்குத் தெரியும்லா?”

எனக்குத் தெரியும். நான் அண்ணாச்சியோடு சேர்ந்து சிரிக்க முயன்றேன். வரவில்லை.

அதன் பிறகுதான் கரைக்குப் போனேன். ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டது. சொல்லிவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே வார்த்தையைத் தயார் செய்துகொண்டு போனேன். காலை ஏலம் நடந்துகொண்டிருந்தது. சூரைக் கூடையின் முன்னால் அக்கா, இடுப்பில் கூடையோடு குனிந்து நின்றார். என்னைப் பார்த்ததும், “வாளா. மெலிஞ்சிட்டியே, சாப்பிடுதியா இல்லையா?” என்றார். எதுவுமே நடக்காததுபோலத்தான் கேட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க அந்தப் பச்சைப் பொட்டு என்னன்னு கேட்டீங்க. நான் பாக்காமலே சொன்னேன். தப்பு என்னுது. உங்களது இல்ல.”

“தெரியும்ளா.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

அவர் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் கேட்டதும் ஞாபகம் இருக்கு. நீ தலை நிமுராமச் சொன்னதும் ஞாபகம் இருக்கு. அந்த வீட்டுல மோரு குடிச்சோமே, அப்பவாச்சும் வாயத் தொறப்பன்னு பாத்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன், அதுவும் ஒரு வழியாக இருந்திருக்கும். ஈர மணலில் கால் புதைய நின்றேன்.

ஏலம் விடுகிறவர் குரலை உயர்த்தினார். “எக்கா, என்ன யோசனை? சரியா?”

சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் அவர் கையைப் பார்த்தார்கள். கை இடுப்புக் கூடையின் விளிம்புக்குப் போகவில்லை. அக்கா இன்னும் கொஞ்சம் குனிந்து, ஏலக் கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடந்த ஒரு மீனை மேலே இழுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு இன்னொன்றை.